மலை இல்லாத சீனரி

இடது கண்ணை மூடி, கட்டை விரலை நீட்டி ஆற்றை அளந்து பார்த்துவிட்டு, "ஓல்டான்" என்று பஸ்ஸை நிறுத்தும் குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் பாவாடை. ஸ்டாண்டு போட்ட சைக்கிளின் கேரியரில் கேன்வாஸ் சாய்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் டர்பன்டைன் பாட்டில் தொங்குகிறது, காதில் தூரிகை. அரியாங்குப்பம் பாலத்துக்குக் கீழே, நண்டு வளைகளுக்கு நடுவில், வெயில் உறைக்கும்வரை நிற்பார்.

பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். பாவாடைராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. கடலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசெல்லாம் இந்தப் பாலத்தைக் கடந்துவிட்டு, ஆற்றைப் பார்த்ததே இல்லை என்கிறார்.

"பாலம் வர்றதுக்குள்ள அரியாங்குப்பம் டிக்கெட்டு போட்டு முடிக்கணும் சார். தல நிமுர முடியாது. ஜன்னல் கம்பி சந்துல துண்டு துண்டாத்தான் தெரியும். ரிடையர் ஆனதும் மொதல்ல இங்கதான் வந்து நின்னேன். அடேங்கப்பா, எவ்ளோ பெருசு!"

நின்றதோடு விட்டிருக்கலாம். பெயிண்டும் தூரிகையும் வாங்கி, இனி நான் ஆர்ட்டிஸ்ட் என்று வீட்டில் அறிவித்தார். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை என்பது அவர் மனைவி வசந்தாவின் கட்சி.

வரைவது என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர் வடிந்த நேரத்துச் சேறு, ஒருக்களித்துக் கிடக்கும் தோணி, மழைக்கு முந்தைய வானம். பார்த்தால் காலில் சேறு ஒட்டியதுபோல இருக்கும். ஆனால் நம் ஜனத்துக்குச் சீனரி என்றால் மலை வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் தாளைக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு முக்கோணமும் நடுவில் ஒரு சூரியனும் போடும். இந்த ஊரில் எங்கே ஐயா மலை? இருக்கிற ஒரே ஏற்றம் கோரிமேடு, அதற்கும் சைக்கிள்காரன் இறங்குவதில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலை எங்கப்பா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கடற்கரைப் பக்கம் டூரிஸ்டுகளுக்குப் படம் விற்கும் கடைக்காரர், பிரெஞ்சுத் தெருவின் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் வரைந்து வரச் சொன்னார். பெயரையும் மாற்றிக்கொள்ளச் சொன்னார். "ஊருக்கே பேர மாத்தி புதுச்சேரின்னு ஆக்கிட்டாங்க, ஒனக்கு என்னய்யா?"

"மாத்தி என்ன, ஜனம் பாண்டின்னுதான சொல்லுது?" என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார் இவர்.

அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "யாராவது ஒருத்தர் வூட்டு செவுத்துல என் ஆறு தொங்கணும் சார். அத்தோட போதும்." சொந்த வீட்டில் வசந்தா ஆணி அடிக்க விட்டதில்லை.

போன தை மாதம் மகள் துர்கா கருவடிக்குப்பத்தில் வீடு கட்டி முடித்தாள். சுவர் எழும்பும்போதே, ஹாலுக்கு ஒரு படம் வேண்டுமென்று அவளாகவே கேட்டாளாம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தைக்கு முந்தைய மழைக்காலம் முழுக்க, குடை பிடித்துக்கொண்டு ஒரே படத்தை வரைந்தார். அவர் வரைந்ததிலேயே அதுதான் உசத்தி. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "இது தொங்கும் சார்" என்றார்.

கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். சாம்பிராணிப் புகையில் கண் எரிய ஹாலுக்குள் நுழைந்தோம். சோபாவுக்கு மேலே, தங்க நிறச் சட்டத்துக்குள், ஆறு தொங்கியது. ஆற்றுக்குப் பின்னால் இரண்டு மலைகள் நின்றன. நீல மலைகள். ஜன்னல் கதவுகளுக்கு அடித்த அதே எனாமல் நீலம்.

"நல்லாருக்கா மாமா?" என்று மாப்பிள்ளை செல்வகுமார் ஓடிவந்தான். "வெறும் சேறும் தண்ணியுமா இருந்துச்சா, பின்னாடி மொட்டையாத் தெரிஞ்சுது. வூட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச ஆள வுட்டே மலை போட்டுட்டேன். ஒங்க கையெழுத்து மேல படாம பாத்துக்கிட்டேன்."

அவனிடம் கபடம் கிடையாது, அதுதான் கொடுமை. பாவாடை மழை வானம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருந்தபோது, செல்வகுமாரின் அப்பா உறவுக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு படத்தைக் காட்டினார்.

"எங்க சம்மந்தி வரைஞ்சது. கண்டக்டரா இருந்தவருன்னா யாரு நம்புவா? அதுலயும் அந்த மலை இருக்குதே, அப்படியே ஊட்டிதான்! சம்மந்தி, எங்க பாத்து வரைஞ்சீங்க?"

பத்துப் பன்னிரண்டு முகங்கள் பாவாடையின் பக்கம் திரும்பின. சமையலறை வாசலில் துர்கா காபித் தட்டோடு நின்றிருந்தாள். தலை நிமிரவில்லை.

பாவாடை மகளைப் பார்த்தார். பிறகு மெதுவாக எழுந்து, பாராட்டை ஏற்றுக்கொள்பவராகச் சம்மந்திக்கு இரண்டு கையையும் கூப்பினார்.