ஆட்டுக்காக ஒரு கிளாஸ்

மேற்கு டெக்சஸ் பாலைவனத்தில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த ஒரு விடுதியில்தான் அவரைச் சந்தித்தேன். ரிச்சர்ட்சன் நகரத்திலிருந்து மனைவியோடு வந்திருந்தார். நெற்றியில் விபூதி, காலில் புத்தம்புது ஷூ. எதைக் குடித்தாலும், சுடச்சுடக் காபியைக்கூட, உதடு படாமல் அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வார்.

அங்கே விற்கும் ஒவ்வொரு கிளாஸ் ஒயினின் விலையிலும் ஒரு பங்கு, அந்த மலையில் அழிந்துவரும் காட்டாடுகளைக் காப்பாற்றப் போகிறதாம். ஒயின் ஊற்றிய பெண் அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

“அப்போ நான் குடிக்கலைன்னா ஆடு செத்துடுமா தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

“டொனேட் மட்டும் பண்ணலாம் அங்கிள்.”

“ஊத்தி வச்சுட்டாங்களே, வேண்டாம்னா மனசு கஷ்டப்படுவாங்க.”

ஆன்ட்டி பைனாகுலரோடு ஆடு பார்க்கப் போயிருந்தார். இவர் அந்தத் தொப்பை கிளாஸைத் தூக்கி, சட்டையில் ஒரு சொட்டு விழாமல் வாய்க்குள் ஊற்றிக்கொண்டார். இப்படி ஊற்றிக் காற்றில் கலந்தால் ருசி கூடுமா என்று அந்தப் பெண் மரியாதையோடு கேட்டாள். கூடும் என்றார். பக்கத்து மேஜை அமெரிக்கர்கள் உடனே முயன்று பார்த்துச் சட்டையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த ஆன்ட்டி காலி கிளாஸைப் பார்த்தார். “குடிச்சீங்களா?”

“அதுல நான் வாய்கூட வைக்கலை. தம்பியைக் கேளு.”

“ஆமா ஆன்ட்டி, வைக்கவே இல்ல” என்றேன்.

இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். நாங்கள் இருவரும் சொன்னதில் ஒரு பொய்கூட அகப்படவில்லை.