வரப்பு இல்லாத வயல்

திருவையாற்றுப் பக்கம் இருந்த எங்கள் நிலத்தை விலைக்குக் கேட்டு வந்த தரகர் அவர். விரல்களில் மோதிரங்கள். எதையும் உற்றுப் பார்க்கும் முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொள்வார்.

"விக்கிற எண்ணம் இல்லீங்க. பையன் துபாய் போயி ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்து விவசாயம் பார்ப்பான்" என்றார் அப்பா. நான்தான் அந்தப் பையன்.

தரகர் சுவரில் மாட்டியிருந்த படத்தின் முன் போய் நின்றார். எங்கள் வயலை நான் வரைந்த படம். கண்ணாடியைத் துடைத்தார்.

"தம்பி வரைஞ்சதா? வானத்துக்கு மேல மேல பூசியிருக்கு, மேகமெல்லாம் தடிப்பா நிக்குது. வயலுக்கு ஒரே இழுப்புல பச்சைத் தண்ணி. ஒரு வரப்புகூட இல்ல. இது திரும்பி வர்ற ஆளு வரைஞ்சது இல்லீங்க."

வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா பெருமையாகக் காட்டிய படம். அன்றுதான் அதை நெருங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கண்களைத் தாழ்த்திக்கொண்டேன்.

"பத்திரம் எப்ப போடலாம்?" என்று தரகரிடம் கேட்டார் அப்பா.

"தம்பி கிளம்புறதுக்குள்ள."

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் படங்களுக்கு விளக்கம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாவி அளவுக்குச் சரியாகப் பார்த்தவர் ஒருவருமில்லை. இப்போதும் வயல் வரைய உட்கார்ந்தால் முதலில் வரப்பைத்தான் போடுகிறேன்.