சாந்த்ராகாச்சி ஏரிக்கு ஒரு ஞாயிறு

எங்கள் டாக்குரியா வீட்டிலிருந்து ஹௌராவுக்குப் பேருந்து. அங்கிருந்து லோக்கல் ரயிலில் சாந்த்ராகாச்சி. ரயில் கட்டணம் ஒரு மண்குவளைத் தேநீரின் விலைகூட இல்லை. சாப்பாட்டுக்கு வீட்டு இட்லி. குளிர்காலத்தில் அந்த நிலையத்தை ஒட்டிய ஏரியில் வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கும். இவ்வளவு எளிய பயணத்துக்கு என் மனைவியை நாற்பது வருடங்களுக்கு மேல் காக்கவைத்தேன்.

வங்கி வேலைக்காக இங்கே வந்தவன் நான். எங்களைப் போன்ற குடும்பங்களுக்குக் கல்கத்தா உத்தியோகம் பார்க்கும் இடம். ஊர் சுற்றுவதென்றால் லீவைச் சேர்த்துவைத்து மெட்ராஸ் ரயில் ஏற வேண்டும். பொங்கலுக்குப் போகும்போது அந்த ரயில் ஏரியைக் கடக்கும். அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "ஏன்னா, ஒரு நாள் இங்க இறங்கிப் பார்க்கணும்" என்பாள். "பார்க்கலாம்" என்பேன். அதற்குள் ஏரி பின்னால் போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஜனவரி ஞாயிறு, ஆபீஸ் நண்பர்களோடு அதே ஏரிக்குப் பிக்னிக் போனேன். கரையில் உட்கார்ந்து, கடுகெண்ணெயில் பொரித்த மீன் வறுவல் தின்றேன். எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அவளிடம் ஆடிட் என்று சொல்லியிருந்தேன். அதன் பிறகு அவள் ஏரிப் பேச்சை எடுத்தாலே வேறு பேச்சுக்குத் தாவினேன். மீனை மறைக்க ஏரியையும் மறைத்தேன்.

சென்ற மாதம் கண் மருத்துவர், அவளுக்குப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, மிச்சமும் சுருங்கக்கூடும் என்றார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அந்த வாத்தெல்லாம் இன்னும் வர்றதோ?"

அடுத்த ஞாயிறே போனோம். கரையில் நின்றவளுக்கு வாத்துகளின் சீழ்க்கைச் சத்தம் மட்டும் கேட்டது. "எங்க, எங்க?" என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். எதுவும் அகப்படவில்லை. காலம் கடந்து கூட்டிவந்திருக்கிறேன் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி தன் பைனாகுலரை நீட்டி, "மாஷிமா, இதுல பாருங்க. அந்த ஆகாயத்தாமரைத் திட்டு மேல" என்று வங்காளத்தில் சொன்னார்.

அவள் அசையாமல் பார்த்தாள். "ஒண்ணு தூங்கறது. ஒண்ணு இறக்கையைக் கோதிண்டிருக்கு."

"குழாய் வழியாப் பார்க்கறது சிரமமா இருக்கா?" என்று கேட்டேன்.

"நான் எப்பவும் இப்படித்தானே பார்க்கறேன். உங்களுக்குத்தான் சிரமம்."

இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஆடிட் கதையைச் சொன்னேன்.

"தெரியும். ஆடிட்டுக்குப் போனவர் பேன்ட்ல பாசி எப்படி வந்ததாம்? கடுகெண்ணெய் வாசனை வேற."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா அழைச்சுண்டு வந்திருப்பேளா? அடுத்த வாரமும் ஆடிட் வந்திருக்கும்."

அவள் மிளகாய்ப்பொடியை என் பக்கம் நகர்த்தினாள்.

"மீன் நன்னா இருந்துதா?"

"இருந்தது."

"சரி. இந்த இடது பக்கம் எனக்குத் தெரியலை. என்ன இருக்குன்னு சொல்லுங்கோ."

சொன்னேன். மூங்கில் கழியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து நிற்கிறது. அதற்குப் பின்னால் புது அடுக்குமாடிகள், மாடியில் காயும் சிவப்புப் போர்வை. அப்போது ஏரிக்கு அப்பால் ஒரு ரயில் போனது.

"மெட்ராஸ் வண்டியா?"

"தெரியலை."

"போகட்டும். அந்தப் போர்வைக்குப் பக்கத்துல என்ன?"