றெக்ஸுக்கு நான் வைத்த தபசு

இரண்டு கிழமைக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை, எங்கள் நாய் றெக்ஸ் தண்ணீர்ச் சட்டியைக் கண்டு பின்வாங்கியது.

சும்மா பின்வாங்கவில்லை. வாயை மூட முடியாமல், எச்சில் நூல் நூலாக வடிய, தொண்டைக்குள் முனகிக்கொண்டு... சுவரோடு ஒட்டிக்கொண்டது. கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா? விசர்!

போன வருஷம் எங்கள் ஒழுங்கையில் விசர்நாய் கடித்த ஒரு மனுஷன், தண்ணீர்க் கோப்பையைக் கண்டு அலறியதை என் காதால் கேட்டவன் நான். இன்றைக்கும் அந்த வீட்டைக் கடக்கும்போது நடையைக் கூட்டுவேன்.

"இஞ்ச பாருங்க," என்றாள் என் மனைவி றெஜினா. "விடியக் காலம இது என்ட விரலை நக்கினது..."

தேங்காய் திருவும்போது வெட்டுப்பட்ட விரல். காயம் இன்னும் ஈரமாகவே இருந்தது.

இது எப்படி வந்தது என்று சொல்லத்தான் வேண்டும். வெட்கமாக இருக்கிறது. நான் லேசில் வெட்கப்படுகிற ஆள் இல்லை என்பது இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

துறைமுகத்தில், நிலக்கரிப் படகுக்கும் ஜெட்டிப் பாலத்துக்கும் நடுவில் தத்தளித்துக்கொண்டிருந்த நாய் அது. ஐம்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியது யார்? நான்தான். தூக்கி எடுத்தபோது தோலும் விலா எலும்பும் மட்டும்தான் இருந்தன.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனால் இங்கே வருகிற கப்பல்களுக்கு இறைச்சி, முட்டை, மரக்கறி ஏற்றுவது யார்? எதைத் தின்றால் கப்பல்காரன் எத்தனை நாள் தாங்குவான் என்று வெள்ளைக்காரக் கப்பித்தானுக்கே புத்தி சொன்னவன் நான். ஒரு நாய்க்கு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியாதா?

தெரிந்தது. இறைச்சியும் சோறும் போட்டேன். இரண்டே மாதத்தில் றெக்ஸ் மினுங்கியது.

பிறகு எங்கள் வேதத்து நாற்பது நாள் நோன்பு, தபசுகாலம் வந்தது. சாம்பல் பூசிய நாள் தொடங்கிப் பாஸ்குத் திருநாள் மணி அடிக்கும் வரைக்கும் எங்கள் வீட்டுக்குள் இறைச்சி வராது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அதுதான் சட்டம். நாய்க்கு மட்டும் தனிச் சட்டமா? "என்ட வீட்டில நாயும் தபசு பிடிக்குது!" என்று கோயில் வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். சிரித்தார்கள். மெச்சிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இறைச்சிக்குப் பதில் மீன் தலை. ஒவ்வொன்றும் என் கை அகலம். சத்துக்கு என்ன குறை?

எதிர்க்கடை ஹமீது நானா மட்டும் கேட்டார். "என்ன மொதலாளி, நாய்க்கும் நோம்பா? எங்கட நோம்புலயாவது பொழுது பட்டாத் திங்கலாம். இது நாப்பது நாளாமே!"

அதே ஹமீது நானா அந்த வியாழக்கிழமை தன் கடைப் படியை விட்டு இறங்கவில்லை. "மொதலாளி, கிட்டப் போவாதீங்க! பொலிசுக்குச் சொல்லுங்க, சுட்டுப் போடுவாங்க!"

சுடுவதா? கடலில் இறங்கித் தூக்கிய நாயையா? ஆனால் விரலைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டு நிற்கிற மனுஷியைப் பார்த்தபோது... ஆம், அந்த ஒரு நிமிஷம் சுடட்டும் என்றுதான் நினைத்தேன்.

றெஜினா பொலிசுக்கு விடவில்லை. மரக்கறிக் கூடையைக் கவிழ்த்து றெக்ஸை மூடி, அடியில் பலகை கொடுத்து லொறியில் ஏற்றி, வெள்ளவத்தையில் இருக்கும் மிருக டொக்டரிடம் போனோம். நானே ஓட்டினேன். பக்கத்தில் அவள் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நிறுத்தி, "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். "எனக்கு விசர் வர இன்னும் நாள் கிடக்கு, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க," என்றாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்து மனுஷன். தடித்த தோல் கையுறை போட்டார். றெக்ஸின் பல்லுக்கு நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். குறடு உள்ளே போனது. வெளியே வரும்போது அதன் நுனியில் ஒரு மீன் எலும்பு! அண்ணத்தில் குறுக்கே இறுகிக் கிடந்ததாம். றெக்ஸ் வாயை மூடியது.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"மீன் தலை," என்றேன்.

"ஏன், இறைச்சி வாங்க வசதியில்லையோ?"

என்னைப் பார்த்து இந்தக் கேள்வி! வாய் வரைக்கும் வந்த பெருமையை விழுங்கிக்கொண்டேன். றெஜினாதான் சொன்னாள், "தபசுகாலம், டொக்டர்."

அவர் றெக்ஸை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார். "நாய் எந்தக் கோயில் பங்கு?"

பிறகு குரலை இறக்கினார். "எலும்பு எடுத்தாச்சு. அதுக்காக விசர் இல்லையெண்டு நான் எழுதித் தரமாட்டன். பத்து நாள் கட்டி வைச்சுப் பாருங்கோ. தண்ணி குடிச்சு, சாப்பிட்டு நல்லா நிண்டால் பயமில்லை. மாறிக் கீறி ஏதும் கண்டால் அண்டைக்கே அம்மாவை ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ." சாப்பாடும் சொன்னார்: குழைந்த சோறு, எலும்பில்லாத இறைச்சி அவித்து. உப்பு வேண்டாம், கறித்தூள் வேண்டாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தபசுகால வெள்ளிக்கிழமை, ஊர் பார்க்க, இறைச்சிக் கடையில் போய் நின்றேன். கோயில் வாசலில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அந்த வழியே போனார்கள். வீட்டில் அடுப்பு மூட்டிய றெஜினா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அது எப்ப நெத்தியில சாம்பல் பூசினது?"

தபசு என்பது தன் தட்டிலிருந்து எடுத்து வைப்பது. நான் எடுத்தது வாயில்லாத ஜீவனின் தட்டிலிருந்து. கப்பித்தானுக்குப் புத்தி சொன்னவனுக்கு இது தெரிய ஒரு மீன் எலும்பு வேண்டியிருந்தது.

பத்து நாளும் விடிந்தவுடன் றெக்ஸின் சட்டியில் தண்ணீர் ஊற்றி, குந்தியிருந்து பார்த்தேன். முதல் நாள் பாதிச் சட்டி. பிறகு முழுச் சட்டி. பத்தாம் நாள் சங்கிலியை அவிழ்த்தேன். ஓடியது, குரைத்தது, ஹமீது நானாவைக் கடைக்குள் அனுப்பியது. பயம் போய்விட்டதுதானே?

எங்கே போனது! நேற்றுக் காலையும் றெஜினா தண்ணீர்க் கோப்பையை வாயில் வைக்க, நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். "நான் விழுங்கிட்டன். இனி நீங்க மூச்சை விடுங்க."