தம்பியின் வரியில்லா வண்டி

என் தம்பிக்கு இரண்டு காலும் விளங்காது. அவனுடைய மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு வரி கிடையாது. போன மாசியில் அவன் மகள் பிரசவத்துக்கு என் காரைக் கொடுத்தேன். "நீ என் வண்டிய எடுத்துக்கண்ணே" என்றான்.

பாடாலூர் டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் ஓடி வந்தார். "இறங்காதீங்கண்ணே, நானே கொண்டாறேன். சாப்ட்டீங்களா?" மனைவி போனபின் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் இறங்கவில்லை.

அந்த நேரம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கச் சொன்னார். இரண்டு காலில் நின்றேன். வண்டி தம்பியுடையது, அவனுக்குக் கால் விளங்காது என்றேன்.

"வரி இல்லேன்னது வண்டிக்கில்லய்யா, அவரு காலுக்கு. இன்னொரு தடவ பாத்தா வண்டியப் புடிச்சிருவேன்."

வண்டி போனால் தம்பி வீட்டோடு கிடப்பான். கடைக்காரர் டம்ளரோடு என் காலையே பார்த்தார்.

இப்போது காரைக் கொடுத்தால் பஸ்ஸில் போகிறேன். பாடாலூரில் பஸ் நின்றாலும் இறங்குவதில்லை.