நெஞ்சால் ஊதுங்கோ ஐயா

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பூசை நேரம் சங்கு ஊதுகிறவன் நான். பெருமை சொல்ல வேறொன்றும் என்னிடம் இல்லை. நெல் விளைவிக்கிறேன்தான், ஆனால் அந்தப் பெருமையில் பாதி, தண்ணீர் தருகிற கட்டுக்கரைக் குளத்துக்குப் போய்விடும். சங்கு மட்டும் முழுக்க என்னுடையது. அதற்கும் ஒருவன் காத்திருந்தான்: என் மனைவியின் தம்பி. பக்கத்தில் நின்று சேமக்கலம் அடிக்கிறவன். நான் இருமினால் போதும், கம்பைக் கீழே வைத்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொள்வான்.

எனக்குத் தொய்வு, டொக்டர்மார் ஆஸ்துமா என்பார்கள். கிளினிக்கில் தந்த நீலப் பம்பு சட்டைப் பையில் இருக்கும். மூச்சு முட்டு வந்தால் வாயில் அடிப்பேன். போன அறுவடையில் வெட்டுமெசின் கிளப்பிய தூசிக்குப் பிறகு பம்பு என்னோடு படுக்கைக்கும் வரத் தொடங்கியது. அதை மறைக்கலாம். மருந்தைக் கூட்டினால் மறைக்க முடியாது. "அவருக்கு இப்ப ரெண்டு பம்பாம்" என்ற கதை பரவினால், ஆள் முடிந்தது என்று கோயில் சபை சங்கை மச்சானிடம் கொடுத்துவிடும். திருவிழாவும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே மருந்தைக் கூட்ட விடுவதில்லை என்ற உறுதியோடு கிளினிக்குக்குப் போனேன். கூடவே மனைவியையும் கூட்டிக்கொண்டு போனதுதான் என் புத்திசாலித்தனம்.

டொக்டர் வயதில் சின்னப் பிள்ளை. மூச்சின் பலத்தை அளக்க ஊசி ஓடுகிற பிளாஸ்டிக் குழல் ஒன்றை நீட்டி, "நல்லா மூச்சை இழுத்து, ஒரே ஊதா ஊதுங்கோ ஐயா" என்றார்.

ஊதுவதா! யாரிடம் வந்து! காலை அகட்டி நின்றேன். கன்னத்தை உப்பி, நாக்கால் அடைத்து, சங்குக்குக் கொடுக்கிற அடியைக் குழலுக்குக் கொடுத்தேன். ஊசி ஓடிப்போய் அந்தத்தில் முட்டி நின்றது.

"மிஸ்ஸி, இது பழுதோ?" என்று டொக்டர் தாதியைக் கேட்டார்.

வேறு குழல் வந்தது. அதற்கும் அதே கதி.

டொக்டர் என் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். "ஊசியைப் பாத்தா ஓட்டக்காரன். நெஞ்சுக்குள்ளை பூனை கத்துது. இரவிலை முட்டு வாறதோ?"

"இல்லை" என்றேன் நான்.

"ஓம்" என்றாள் மனைவி. "தலாணியை வாயிலை அமத்திக்கொண்டு இருமுவார், டொக்டர். அடுத்த வளவிலை இருக்கிற என்ரை தம்பிக்குக் கேட்டிடுமாம். சங்கை வாங்கிப்போடுவானாம்."

"சங்கோ!" டொக்டர் சிரித்துவிட்டார். "அதுதான் சங்கதி. கன்னத்தாலை அடிச்சா இந்த ஊசி ஏமாந்துபோகும். நெஞ்சால் ஊதுங்கோ ஐயா."

நெஞ்சால் ஊதினேன். பெற்றோல் முடிந்த மோட்டார் சைக்கிள் போல ஊசி பாதி வழியில் நின்றது.

அடுத்து, பம்பு அடிக்கும் விதத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். முதலில் அடித்தேன், பிறகு ஆறுதலாக மூச்சை இழுத்தேன்.

"இவ்வளவு நாளும் நாக்குக்குத்தான் வைத்தியம் நடந்திருக்கு" என்றார். என் நாக்குக்கு ஒருநாளும் தொய்வு வராத காரணம் அப்போதுதான் விளங்கியது.

அடிப்பதும் இழுப்பதும் ஒன்றாக நடக்கப் பழக்கினார். பிறகு, நான் பயந்தபடியே, மண்ணிறப் பம்பு ஒன்றை எழுதினார். "நீலப் பம்பு, பத்தின நெருப்பை நூத்து அணைக்கிறதுக்கு. இது, நெருப்பே பத்தாமல் பாக்கிறதுக்கு. சுகமாயிருந்தாலும் காலையும் பின்னேரமும் அடிக்கோணும். அடிச்சிட்டு வாய் கொப்பளியுங்கோ. அடங்கினாப் பிறகு குறைக்கிறதைப் பற்றி யோசிப்பம்."

"அப்ப சங்கு?"

"ஒழுங்கா அடியுங்கோ. திருவிழாவுக்கு முதல் ஒருக்கா வாங்கோ. பாத்துச் சொல்லுறன்."

நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. பஸ்ஸில் மனைவி போனில் கதைத்தது யாரோடு என்று நான் கேட்கவில்லை. அன்று பின்னேரமே குளக்கட்டுப் பக்கம் எருமை கத்தியது. எருமை இல்லை, மச்சான் சங்கு ஊதிப் பழகுகிறான் என்றார்கள்.

மண்ணிறப் பம்பு முதலில் ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை. விட்டுவிடலாம் என்று பார்த்தால் மனைவி செம்பில் தண்ணீரோடு, கொப்பளிக்கச் சொல்லி முன்னால் நின்றாள். மெல்ல மெல்லத் தலையணை வாயை விட்டுத் தலைக்குக் கீழே போனது. சொன்னபடி மறுபடி கிளினிக்குக்குப் போனேன். ஊசி பாதி வழியைத் தாண்டியது, முந்தைய பொய் அளவுக்கு ஏறவில்லை. ஆனாலும் டொக்டர், "ஊதுங்கோ, களைச்சால் நிப்பாட்டுங்கோ" என்றார்.

திருவிழாவில் ஊதினேன். தீபம் இறங்கும்வரை ஊதினேன். இருமல் வரவில்லை. துடைத்த உதட்டோடு நின்ற மச்சான் கம்பைத் திரும்ப எடுத்தான்.

பூசை முடிந்ததும் கிட்ட வந்தான். "அத்தான், மருந்து அடிச்சுப்போட்டு ஊதுறது கள்ள ஆட்டம். ஒலிம்பிக்கிலை எண்டால் உங்களைத் துரத்தியிருப்பினம். சபையிலை சொல்லப்போறன்."

"சொல்லடா" என்றேன். இந்தத் தொந்தியோடு என்னை ஒலிம்பிக் வரை கொண்டுபோனவன் அவன் ஒருவன்தான். சபையில் அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லட்டும்.