ஏழாம் எண் உப்பு

கொரோனா என்னை விட்டுப் போனபோது வாசனையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. காய்ச்சல் விட்டது, நாக்கில் ருசி பாதி திரும்பியது, மூக்கு மட்டும் திரும்பவேயில்லை. வேறு வேலையில் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். நான் ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள்.

செய்முறை வகுப்பில் இன்னது என்று சொல்லாமல் ஒரு உப்புப் பொட்டலத்தைக் கொடுப்போம். பிள்ளைகள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். விடைப்பட்டியல் என் மேஜை டிராயரில் இருக்கும். இருபது வருஷமாக அதை எடுத்துப் பார்த்தவளில்லை நான். சோதனைக் குழாயை மூக்கருகே கொண்டுபோனாலே சரியா தப்பா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம், மூக்கு போன பிறகும் அடங்கவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் பிள்ளைகளின் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதை வைத்தே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

மாதிரித் தேர்வில் ஏழாம் எண் உப்பு வாங்கிய பெண், அசிடேட் என்று எழுதியிருந்தாள். குழாயை வாங்கினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் முகமும் சும்மாதான் இருந்தது. தப்பு என்றேன்.

"மேடம், வினிகர் வாசம் நல்லா வருது. செத்த மோந்து பாருங்க."

"எனக்கே சொல்லித் தாரியா?" என்று கத்தி, பூஜ்யம் போட்டேன். கண் கலங்கி வெளியே போனாள்.

சாயங்காலம் மனசு கேட்காமல் டிராயரைத் திறந்தேன். ஏழு என்ற எண்ணுக்கு நேரே அசிடேட் என்று இருந்தது. மார்க்கை யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம். ஆனால் தன் மூக்கு பொய் சொல்கிறது என்று அவள் நம்பிவிட்டாளே, அதை எப்படித் திருத்துவது? பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை இதே யோசனை. அங்கே மடவார் வளாகத்தில் வீடு. அம்மா போன பிறகு நான் மட்டும்தான். இப்படிச் செய்துவிட்டேன் என்று சொல்லித் திட்டு வாங்கக்கூட ஆளில்லை. அது அன்றைக்கு ரொம்பவே வலித்தது.

மறுநாள் எல்லார் முன்னாலும் அவளிடம் சொன்னேன்.

"நீ எழுதுனதுதான் சரி. எனக்கு வாசம் தெரியாதும்மா. ரெண்டு வருஷமாவே தெரியாது."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்று, "அப்ப வீட்ல பால் கெட்டுப்போச்சுன்னா எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள்.

"குடிச்ச பொறவு வயிறு வலிச்சாத்தான்" என்றேன். சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.